நான்கு மணிக்கு மாறிய படம்

எங்கள் நிலையம் இரண்டு மாமியார் வீடுகளுக்கு வாழ்க்கைப்பட்டது. மாவட்டத்தில் தனியார் தொலைக்காட்சி நிலையங்களே குறைவு. அதனால் டோக்கியோவின் இரண்டு பெரிய வலையமைப்புகளிடமிருந்தும் நிகழ்ச்சி வாங்கி ஒளிபரப்புகிறோம். மாலை நான்கு வரை மூத்தவள், அதற்குப் பிறகு இளையவள். மாற்றுவது இயந்திரம். அதன் முன்னால் உட்கார்ந்து காவல் காப்பது நான், சாயோ. நான்கு மணி மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டுமானால் இளையவளிடம் தொலைபேசியில் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் அவளுடைய விளம்பரம் ஒன்றை வெட்டிவிட்டால், என் மேலதிகாரி குசுமி இனிப்புப் பெட்டியோடு டோக்கியோ போய் மன்னிப்புக் கேட்டுக் குனிந்து நிற்க வேண்டும்.

அன்று மூன்று ஐம்பதுக்குத் தரை குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் மூத்தவளின் திரையில் கடற்கரை வரைபடம் வந்தது. எங்கள் கரை முழுக்கச் சிவப்பு. சுனாமி எச்சரிக்கை. என் கணவர் கென்சோவும் அவருடைய படகுக் கூட்டாளி ஹருகிச்சியும் துறைமுகத்திலிருந்து பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட்டதாகப் போன் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சார், நாலு மணி மாத்தத்த நிறுத்திரலாமா?"

"அதத்தாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் குசுமி, காதில் ரிசீவரோடு. "பாட்டப் போட்டுக் காக்க வச்சிருக்கான் பாவி."

மாற்றத்தைத் தடுத்து மூத்தவளையே திரையில் வைக்கும் பொத்தான் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்தவில்லை. இருபத்திரண்டு வருட வேலையில் பழகிய அடக்க ஒடுக்கம்! நான்கு மணி ஆனது. சிவப்பு வரைபடம் போய், நாடகத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள். இளையவள் வீட்டில் செய்தி இன்னும் தொடங்கவில்லை.

எங்கள் ஊரில் வரைபடம் போனால் ஆபத்தும் போயிற்று என்று அர்த்தம். எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். கைப்பேசி அடித்தது.

"சாயோ, எச்சரிக்கைய எடுத்துட்டீங்கல்ல? இங்க டிவில நாடகம் ஓடுது. நானும் ஹருகிச்சியும் போய்ப் படக இறுக்கிக் கட்டிட்டு வந்துர்றோம்."

"எறங்காதீங்க! அது எங்க மிஷினு..."

இணைப்பு செத்துவிட்டது. மறுபடி கிடைக்கவே இல்லை.

பொத்தானை அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த விளம்பரம் பாதியில் அறுந்து, சிவப்பு வரைபடம் திரும்பி வந்தது. ஆனால் பார்க்க வேண்டிய இருவரும் டிவியை விட்டு இறங்கிவிட்டார்களே! வானிலைக்காக வைத்திருக்கும் துறைமுகக் கேமராவைப் பார்த்தேன். மஞ்சள் மழைக்கோட்டு இரண்டு படியிறங்கிப் படகை நோக்கிப் போயின. ஊர் ஒலிபெருக்கி நில அதிர்விலேயே ஊமையாகியிருந்தது. துறைமுக வாயிலில் தண்ணீர் உள்வாங்கி, கறுப்புச் சேறு தெரிந்தது.

அறிவிப்பாளருக்குக் காத்திருக்கவில்லை. அவசர மைக்கைத் திறந்தேன்.

"கென்சோ! மேல ஏறுங்க! கென்சோ, தண்ணி வருது, மேல ஏறுங்க!"

மாவட்டம் முழுக்க என் கூச்சல் போயிற்று. பள்ளிக்கூட மேட்டில் இருந்தவர்கள் அதைக் கேட்டு, வேலியோரம் ஓடி நின்று, அதே பேரை ஒரே குரலில் கத்தினார்களாம். கேமராவில் மஞ்சள் கோட்டு இரண்டும் அண்ணாந்து பார்த்தன, ஒரு கணம் ஒட்டி நின்றன. ஒன்று படியேறி ஓடியது. மற்றது குனிந்து கயிற்றைப் பிடித்தது. எது யார் என்று தெரியவில்லை. அப்புறம் திரை சாம்பல் நிறமாகி அணைந்தது.

"அனுமதி குடுத்துட்டாங்க" என்றார் குசுமி.

நாற்பது நிமிடம். ஓடியது என் கணவராக இருக்கட்டும் என்று வேண்டினேன். வெட்கமில்லாமல் அதை மட்டுமே வேண்டினேன். நிலைய போன் அடித்தது.

"நாந்தான்" என்றார் கென்சோ.

அழுதுவிட்டேன். கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்கத் தோன்றியது. "ஹருகிச்சி?"

"கையப் புடிச்சு இழுத்தேன், சாயோ. 'உம் பொண்டாட்டி உன்னத்தானடா கூப்புடுறா, எம் பேரச் சொல்லலையே. நீ ஓடு, நான் இந்த முடிச்சப் போட்டுட்டு வரேன்'னு சிரிச்சான்."