பார்த்துக்கொள்கிறேன்

அண்ணன் இறந்த பிறகு அலாரம் அடிப்பதே நின்றுவிட்டது. எல்லாம் என் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எங்கோ இருக்கும் வாடகை சர்வர்களில் ஒரு டிக்கெட் நிறுவனத்தின் மென்பொருள் ஓடுகிறது. புதிய பதிப்பை ஏற்றுவதும், அது மக்கர் பண்ணினால் பழையதை மீண்டும் கொண்டுவருவதும் மனிதக் கை படாமல் நடக்கும்படி நிரல் எழுதுகிறவன் நான். கோளாறு என்றால் முதலில் அண்ணனின் போன் அலறும். திரையில் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வரும். அமுக்கினால், ஆள் வந்துவிட்டான் என்று அலாரம் அடங்கிவிடும். அமுக்காவிட்டால் அடுத்து எனக்கு வரும்.

அண்ணன் கூடப் பிறந்தவர் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரர். என்னைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார். கோடையில் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்குப் போனேன், திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தேன். அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வருகிற வழியாக இல்லை. அவர் எண்ணை வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன் அணைந்துதானே கிடக்கும், தானாக எனக்கு வந்துவிடும்.

நேற்று மதியம் டிக்கெட் விற்பனை மொத்தமாகப் படுத்துவிட்டது. நான் சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், மேனேஜர் எதிரில் வந்து நின்றபோதுதான் தெரியும். எனக்கு ஏன் அலாரம் வரவில்லை என்று தேடினேன். செத்துப்போன அண்ணன் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று அமுக்கியிருந்தார். அதற்கு முன்பும் பல தடவை.

"அந்த போன் வீட்டுல யார்கிட்ட இருக்கோ, போய் அந்த அலாரம் ஆப்ப அழிச்சுட்டு வா" என்றார் மேனேஜர். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கான்ட்ராக்ட் போயிடும். அப்புறம் நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

இன்று காலை அண்ணி கதவைத் திறந்தார். சாப்பாட்டு மேஜையில், அண்ணன் லேப்டாப் வைக்கிற இடத்தில், போன் சார்ஜில் கிடந்தது.

"இதுல ஒரு பொத்தான் வருமே அண்ணி, அத யாரு அமுக்கறது?"

"நான்தான். ஏன் தம்பி, தப்பா?"

"அமுக்கிட்டா வேற யாருக்கும் போகாது."

"தெரியும். அதுக்குத்தான் அமுக்கறேன். நான் அமுக்கலன்னா தூங்குமூஞ்சிக்குப் போயிடும், பாவம், அவன் தூங்கட்டும்னு அவரு எப்பவும் சொல்வாரு. கொஞ்ச நேரத்துல அதுவே சரியாயிடுமாமே, நீங்க ஏதோ எழுதி வச்சிருக்கீங்களாம்."

நேற்று சரியாகவில்லை என்பதைச் சொன்னேன். மேனேஜர் சொன்னதையும் சொன்னேன்.

அண்ணி போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "எடுத்துத்தான் ஆகணுமா? இப்பல்லாம் அவரத் தேடி வர்றது இது ஒண்ணுதான்."

நான் போனுக்குக் கை நீட்டவில்லை. கடைசியில் அவரே சார்ஜர் வயரை உருவிவிட்டுப் போனை நீட்டினார். "உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாது தம்பி."

ஆப்பை நீக்கினேன். லேப்டாப்பைத் திறந்து வரிசையிலிருந்து அண்ணன் எண்ணையும் எடுத்தேன். முதலிடத்தில் என் எண்ணைப் போட்டேன். மாற்றினால் ஒரு சோதனை அலாரம் விட்டுப் பார்க்க வேண்டும், அதையும் விட்டேன்.

அண்ணனின் போன் சும்மா கிடந்தது. என்னுடையது அலறியது. அண்ணியின் கை தானாக நீண்டு, பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. நான் அமுக்கவில்லை. போனை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அமுக்கினார். சத்தம் அடங்கியது.

"இனிமே உங்களுக்குத் தூக்கம் போச்சு" என்றார்.

"ஆமா அண்ணி" என்றேன். அண்ணன் இனி வரமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.