புரியாதவர் முதலில் பேச வேண்டும்

எங்கள் குரூப்பில் எனக்குப் பெயர் ‘மெஷின்’. நான் மைக்கைத் திறந்தாலே அம்மாவின் தையல் மெஷினும் கடகடவென்று கூடவே பேசும். நாங்கள் நாலு பேர், நாலு ஊர், ஒரே பல்கலைக்கழகம். சாயங்காலம் ஆனால் வீடியோவில் கூடிவிடுவோம். எங்களுக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: யாருக்குப் புரியவில்லையோ அவர்தான் முதலில் பேச வேண்டும். எங்கே இடிக்கிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது. பெரும்பாலும் முதலில் பேசுவது நான்தான். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அதனால்தான் வந்தது வினை. வீட்டிலிருந்தே எழுதிய கணக்குத் தேர்வில், மருந்துக் கவுன்டர் வரிசைக் கணக்கை நாலு பேரும் புத்தகத்தில் இல்லாத ஒரே வழியில் போட்டிருந்தோம். முந்தின வாரம் இதே மாதிரி ஒரு கணக்குக்காகக் குரூப்பில் முட்டி மோதிக் கண்டுபிடித்த வழி அது. விடை சரிதான். ஆனாலும் பேராசிரியர் என்னை மட்டும் வீடியோவில் கூப்பிட்டார்.

“உன் பழைய மார்க்கெல்லாம் பாத்தேன்மா. இது நீ போட்ட கணக்கு இல்ல. உங்க குரூப்ல முதல் மார்க் வாங்கற பையனைப் பாத்து எழுதினேன்னு ஒத்துக்கோ, மத்த மூணு பேரையும் விட்டுடறேன். இல்லேன்னா நாலு பேருக்கும் பூஜ்யம்.”

ஒத்துக்கொண்டால் எனக்கு ஒரு வருஷம் போச்சு. சுர்ரென்று ஏறியது எனக்கு.

“மாட்டேன் சார். நாலு பேரும் சேந்து கண்டுபிடிச்ச வழி அது. வேற கணக்கு கொடுங்க, இங்கயே போடறேன்.”

அம்மா மெஷினை நிறுத்திவிட்டாள்.

அவர் கொடுத்தார். பத்து மாடிக் கட்டடம், தரைத்தளம்தான் முதல் மாடி, நாள் முழுக்க ஏறி இறங்கும் ஒரே லிஃப்ட். நான் இரண்டாம் மாடியில் நிற்கிறேன். லிஃப்ட் ஏறி வருமா, இறங்கி வருமா?

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. திருதிருவென்று விழித்தேன். விழித்து என்ன ஆகப்போகிறது என்று வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

“எங்க இடிக்குதுன்னா சார், லிஃப்ட் இப்ப எங்க இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?”

“எங்க வேணா இருக்கலாம்.”

“எனக்குக் கீழயும் இருக்கலாமா?”

“இருக்கலாம். உனக்குக் கீழ எத்தனை மாடி?” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“ஒண்ணு. அட, மேல எட்டு! அப்ப லிஃப்ட் அநேகமா மேலதான் இருக்கும்.”

“மேல இருந்தா?”

“இறங்கித்தான் வரணும்!”

“அப்படிப் போடு!” மேசையைத் தட்டினார் பேராசிரியர்.

“சார், இப்ப இந்த விடை யாரோடது? நீங்க பாதி கேட்டீங்க, நான் பாதி சொன்னேன். நான் உங்களைப் பாத்து எழுதினேனா, நீங்க என்னைப் பாத்து எழுதினீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்படித்தான் சார் நாங்க படிக்கிறோம். இது திருட்டுன்னா நாலு பேருக்குமே பூஜ்யம் போடுங்க. நான் மட்டும் கழுத்தை நீட்ட மாட்டேன்.”

“போதும்மா. நாலு பேர் மார்க்கும் அப்படியே இருக்கட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா அந்த மருந்துக் கவுன்டர் வழி... எனக்கே அது இன்னும் சரியாப் பிடிபடல.”

“சாயங்காலம் குரூப்புக்கு வாங்க சார்,” என்றேன். “முதல்ல நீங்கதான் பேசணும்.”