சந்தேகம் வந்தா சிவப்புப் பெட்டி

கடலோரத்து அணுமின் நிலையம் வெடித்துவிட்டது என்பது நல்லூருக்குத்தான் முதலில் தெரிந்தது. அணுமின் நிலையத்துக்கே அப்போது அது தெரியாது. பனியன் கம்பெனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை டீக்கு முன்பே வீடியோ வந்துவிட்டது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள், அலறும் ஆம்புலன்ஸ், மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறும் ஊர் ஜனம். கீழே ஒரு வரி: 'காற்று கொங்கு நாட்டை நோக்கி வருகிறது.' காற்றுக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

மத்தியானத்துக்குள் கடைகளில் உப்பு தீர்ந்துபோனது. அயோடின் இருந்தால் கதிர்வீச்சு அண்டாது என்று யாரோ பாதி கேட்டு முழுதாகச் சொல்லிவிட்டார்கள். கட்டிங் மாஸ்டர் பொங்கியண்ணன் இன்னும் ஒருபடி மேலே போய், புண்ணுக்குத் தடவுகிற அயோடின் டிஞ்சரை மோரில் கலந்து குடித்துவிட்டு, "இனி என்ன வந்தாலும் நம்மளை ஒண்ணும் பண்ணாது" என்றார். சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். மருதாசலம் வீட்டில் நடந்ததை அப்படிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

மருதாசலம் மங்கலத்தில் தறி ஓட்டிய குடும்பம். இப்போது நல்லூரில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து அனுப்புகிறார். வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டு. அவருடைய மகன் குமரனும் மருமகள் மதுமதியும் அன்று விடியற்காலையில்தான் திருச்செந்தூரிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து மதுமதிக்கு இது நாலாம் மாசம். பிள்ளை வரம் கொடுத்த முருகனுக்கு நன்றி சொல்லத்தான் போயிருந்தார்கள். அந்த முருகன் நிற்கிற கடற்கரையும் வெடித்ததாகச் சொன்ன கடற்கரையும் ஒன்றுதான் என்பது, வீடியோவை மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் மாமியார் ஞானாம்பாளுக்கு உறைத்தது.

இந்தக் குடும்பத்தின் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைத் துணியில் ஒடிந்த ஊசித்துண்டு தங்கிவிடக் கூடாது என்பதால், பெட்டி கட்டும் முன் ஒவ்வொரு துணியையும் நீடில் டிடெக்டரில் விட்டு எடுப்பார்கள். மெஷின் கீச்சென்று கத்தினால் அந்தத் துணி சிவப்புப் பெட்டிக்குப் போகும். பிறகு ஊசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. முடிவு சொல்லாமல் 'ஹோல்டு' என்று தனியே நிறுத்திவைக்கிற பழக்கம் அங்கே கிடையாது. 'சந்தேகம் வந்தா சிவப்புப் பெட்டி' என்று மருதாசலம் சுவரிலேயே எழுதிவைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் சோறு தின்பது அந்த வரியால்தான்.

ஆகவே அவர்கள் செய்தது அவர்களுக்கு விநோதமாகவே படவில்லை. செக்கிங் டேபிளிலிருந்து கையில் பிடிக்கும் சின்ன டிடெக்டரை எடுத்துவந்து, ஞானாம்பாள் மருமகளின் மேல் ஓட்டிப் பார்த்தாள். வயிற்றருகே வந்ததும் கீச்சென்று கத்தியது.

"ஐயோ முருகா!"

"கொசுவத்துல பின்னு குத்தியிருக்கறனுங்க அத்தை" என்று மதுமதி அதைக் கழற்றிக் காட்டினாள்.

மறுபடி ஓட்டினார்கள். கத்தவில்லை. அந்த மெஷின் இரும்பைத் தவிர எதையும் பிடிக்காது என்பது அந்தக் காம்பவுண்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஒருமுறை கத்தியது கத்தியதுதானே. குமரன் மேல் யாரும் மெஷினை ஓட்டவில்லை.

மறுநாள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். "மொதல்ல இந்தச் செய்தி நெசமான்னே தெரியலீங்க. நெசமாவே இருந்தாலும், நீங்க இருந்த தூரத்துக்கு வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. பயத்துல அவசரப்பட்டு எதையாவது செஞ்சுடாதீங்க" என்றார் அவர்.

"நூத்துக்கு நூறு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றார் மருதாசலம். எந்தத் துணிக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிப் பழகியவர்.

"எந்தப் புள்ளைக்கும் யாரும் அப்படி எழுதிக் குடுக்க முடியாதுங்க."

உண்மையைச் சொன்னது டாக்டரம்மாவின் தப்பு. வீட்டுக்கு வந்ததும் மதுமதிக்கு மாடியில் தனி ரூம், தனித் தட்டு, தனி டம்ளர். குமரன் கீழே எல்லோரோடும் உட்கார்ந்து இட்லி தின்றான்.

அன்று சாயங்காலம் மாமனார், மாமியார், புருஷன் மூன்று பேரும் மாடியேறி வந்தார்கள். ஞானாம்பாள்தான் பேசினாள்.

"வேற எடத்துல பேசியாச்சு கண்ணு. நாளைக்குப் போய்க் கலைச்சுட்டு வந்துரலாம். கை காலு கோணலாப் பொறந்து அது படற பாட்டை நம்மளால பாக்க முடியுமா? முருகன் இன்னொண்ணு குடுப்பான் சாமி."

சொல்லும்போதே அழுதாள். பொய் அழுகை இல்லை. இந்தப் பிள்ளைக்காகக் கோயில் வாசலில் மண்சோறு தின்றவள் அவள். பாசம் இருக்கிறவர்கள் கெடுதல் செய்ய வரும்போதுதான் தடுப்பது கஷ்டம்.

மதுமதி புருஷனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

"அம்மா சொல்றதும் ஒரு வகையில..." என்று இழுத்தான்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. வீடியோவுக்கு வராத பயம். கைகள் தாமாகவே வயிற்றின் மேல் போயின. ஆனால் அவளும் இத்தனை வருஷம் அந்தக் கம்பெனியின் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவள்.

"மாமா, ஒண்ணாச் சாயம் போட்ட லாட்டுல ஒரு பீஸ் சாயம் போச்சுன்னா என்னுங்க பண்ணுவோம்?"

"லாட்டு முழுக்க ரிஜெக்ட்டுதான்" என்றார் மருதாசலம், யோசிக்காமல்.

"நான் கடல்ல முழங்கால் தண்ணியில நின்னனுங்க. உங்க பையன் முங்கி முங்கிக் குளிச்சாருங்க. அங்கத்த மீனு வேற மூணு வேளையும் தின்னாருங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே லாட்டுங்க. மொதல்ல அவரைச் சிவப்புப் பெட்டியில போடுங்க. பொறவு நானும் எம் புள்ளையும் வர்றோமுங்க."

முருகன் கோயிலுக்குப் போய் மீன் தின்ற சங்கதி வெளியே வந்தும், அதை யாரும் கவனிக்கவில்லை. ஞானாம்பாள் சட்டென்று மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கென்ன கண்ணு? கல்லாட்டம் இருக்கறான்!"

"அதையேதானுங்க டாக்டரம்மா எம் புள்ளைக்கும் சொன்னாங்க."

மருதாசலம் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வரியைச் சுவரில் எழுதிய நாளிலிருந்து முதன்முறையாக அதை மீறினார்.

"நாளைக்குப் போக வேண்டாம். ஹோல்டுல வைங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். கடலோர அணுமின் நிலையத்தில் அவசரகால ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றியது அந்த ஒத்திகையின் வீடியோ. யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. தொண்டை வெந்துபோன பொங்கியண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கஞ்சி குடித்தபடி அதைப் படித்தார்.

ஞானாம்பாள் குங்குமப்பூப் போட்ட பாலோடு மாடிக்கு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே குமரனும் வந்து வாசலில் நின்றான்.

"வெறும் ஒத்திகையாமா கண்ணு! நாம எதுக்கெல்லாம் பயந்துட்டோம் பாரு. எல்லாத்தையும் மறந்துட்டுக் கீழ வந்து சாப்புடு சாமி."

மதுமதி பாலை வாங்கி நிதானமாகக் குடித்தாள். பிள்ளைக்கு வேண்டியது அது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒத்திகை எதுக்குங்க அத்தை நடத்தறாங்க? நெசமா வந்தா யாரு என்ன பண்ணுவாங்கன்னு பாக்கத்தானுங்க. நான் பாத்துட்டனுங்க."

வளைகாப்பு முடிந்து போக வேண்டிய தாய்வீட்டுக்கு இப்போதே போகப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். சென்னிமலையிலிருந்து அவளுடைய அப்பா காரோடு வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். குமரன் பெட்டியை எடுக்கக் குனிந்தான்.

"நானும் வரட்டுமா மது?"

அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள்.

"நீங்க கொஞ்ச நாளைக்கு ஹோல்டுல இருங்க" என்றாள்.