வில்லுக்குப் போட்ட மார்க்

பெட்ரோல் பங்கில் ஜீரோவைப் பார்க்காமல் நான் டேங்க் மூடியைத் திறந்ததில்லை. சிலிண்டரை எடை போடாமல் வாங்கியதில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி டூல்ரூமில் பதினாறு வருஷம் வேலை செய்தவனுக்கு இந்தப் புத்தி வராவிட்டால்தான் ஆச்சரியம். அங்கே அளவு பார்க்கும் புது வெர்னியரை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அதே இடத்தில் யாரோ ஒருவனுடைய பழைய வெர்னியர் படுத்திருக்கும். அதனால் என் சாமான் எல்லாவற்றிலும் டி.பி. 07 என்று பொறித்துவிடுவேன். டில்லிபாபு, ஏழாம் நம்பர் லாக்கர். டிபன் பாக்ஸிலும் அதுதான்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் கோதண்டராமன், "வில்லை ரெண்டு நாள் விட்டுட்டுப் போகணும் சார்" என்றார்.

அது என் மனைவி எழிலரசியின் வயலின் வில். அவள் அப்பா மாதாகோயில் பாட்டுக்குழுவில் வாசித்தவர். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சு சாமியார் தன் வில்லை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதிலிருந்த குதிரைமுடி அறுந்துபோனது. புதிதாகக் கட்டலாம் என்று ஸ்ரீபெரும்புதூர் கோயில் பக்கம் வயலின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கோதண்டராமனிடம் கொண்டுபோனோம். அவர் வயலினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வில்லைத்தான் லென்ஸ் வைத்து நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். விரலில் நிறுத்திப் பார்த்தார். எனக்கு அப்போதே உறுத்தியது.

"மரம் பிரேசில்லேர்ந்து வந்தது. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். செஞ்சவர் பேரு இங்க முத்திரை அடிச்சிருக்கு, கை பட்டுப் பட்டு அழிஞ்சுபோச்சு. நான் நெனைக்கிற ஆளா இருந்தா பல லட்சம் போகும். பேரு தெரியலன்னா வெறும் பழைய வில்லு."

"எப்படித் தெரிஞ்சிக்கறது?" என்றாள் எழிலரசி.

"முடி கட்டறப்போ திறந்து பாக்கணும். வியாழக்கிழமை கொண்டாங்க, நல்ல குதிரைமுடி வந்துடும். கட்ட ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. துடைக்கக்கூட வேணாம்."

எழிலரசிக்குச் செல்போன் கம்பெனியில் வேலை. எட்டு மணி நேரமும் லைனில் நிற்க வேண்டும். இரண்டு காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. நிற்கிற வேலையை விடச் சொல்லி டாக்டர் கண்டித்து ஒரு வருஷம் ஆகிறது. விட்டால் வீட்டு வாடகைக்கு என் சம்பளம் மட்டும் போதாது.

"அசல்னு சொல்லிட்டா வித்துடலாம்யா" என்றாள் வீடு திரும்பும்போது. "வாசிக்கறதுக்கு சாதா வில்லு போதும். நானு வூட்ல குந்திகினு பசங்களுக்கு வயலின் சொல்லித் தருவேன்."

"தொடாதீங்கன்னு ஏன் சொன்னான்? ரெண்டு நாள்ல அதே மாதிரி ஒண்ணை வெச்சு மாத்திட்டான்னா இன்னா பண்ணுவ?"

"உன் புத்திக்கு மருந்தே கெடையாது" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை அவளுக்குத் தெரியாமல் வில்லை ஒரு பிவிசி பைப்பில் செருகி டூல்ரூமுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு இடைவேளையில் அடித் திருகைக் கழற்றினேன். கைப்பிடியில் இருந்த கருங்காலிக் கட்டை தனியாக வந்தது. அந்தக் கட்டை மறைத்திருந்த இடம் ஒரே அழுக்கு. அதில் ஏதோ கீறல்கள் வேறு. மார்க் போடும் இடத்தை முதலில் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து சரியாக விழாது. டூல்ரூமில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். எமரி ஷீட் என்கிற உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தேன். பளிச்சென்று ஆனதும் டி.பி. 07 என்று பொறித்துவிட்டுக் கட்டையைப் பழையபடி மாட்டினேன். இப்போது மாற்றட்டும் பார்க்கலாம் என்று மனசு குளிர்ந்தது.

வியாழக்கிழமை கோதண்டராமன் எங்கள் எதிரிலேயே திருகைக் கழற்றினார். நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இங்க எமரி போட்டது யாரு?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. "மார்க் போட்டுக்கீறேன். வில்லு மாறிடக் கூடாது இல்ல?"

அவர் கோபப்படவில்லை. "சில பேரு முத்திரையை ரெண்டு இடத்துல அடிப்பாங்க சார். வெளிய ஒண்ணு, கட்டைக்கு அடியில ஒண்ணு. அடியில கை படாது, அழியாம இருக்கும். அதுக்குத்தான் தொடாதீங்கன்னேன்."

லென்ஸை என்னிடம் நீட்டினார். என் ஏழுக்குப் பக்கத்தில் வேறு ஏதோ எழுத்தின் வளைவு பாதி தெரிந்தது. அவ்வளவுதான் மிச்சம். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவர் மேல் ஆத்திரம் வந்தது. சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பேனா? அவமானத்தில் காது சுட்டது.

"வேற வழியே இல்லியா சார்?"

"அவர் செஞ்சதுதான்னு எனக்குத் தோணுது. எனக்குத் தோணுறதுக்கு யாரும் லட்சம் குடுக்க மாட்டாங்க."

எழிலரசி லென்ஸை வாங்கிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அவரு மாத்தலய்யா" என்றாள். "பாரு, உன் பேருதான் இருக்குது."

பிறகு அவரிடம் திரும்பி, "முடி கட்டிடுங்க சார். ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

அவளுடைய செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கடைப் படியில் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த இறுக்கமான சாக்ஸை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். குனிந்து உதவப் போனேன். என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே போனாள்.