ஆன்ட்ரூஸ் எத்தனை நாள் வீட்டில் இருப்பான்

1

ஒட்டுக்கேட்ட கதை இது. புதுக்கடையிலிருந்து வடசேரிக்கு வரும் பேருந்தில் முன்சீட்டுப் பெண் போனில் சொன்னாள்: "எனக்க மாப்பிளைக்க பேர ஓட்டு லிஸ்டுல இருந்து வெட்டிட்டாவ." நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன், அவ்வளவு பரபரப்பு. அவளுக்கு லிஜா என்ற பெயர் நான் வைத்தது.

2

முதல் தொடக்கம்: மக்களாட்சியின் ஆணிவேர் வாக்குரிமை. அந்த ஆணிவேரை இன்று...

(வேண்டாம். மைக் வைத்தது போல இருக்கிறது.)

இரண்டாவது: வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தை லிஜா ஒழுங்காகத்தான் நிரப்பினாள். கணவன் ஆன்ட்ரூஸ் ஆழ்கடலில் இருந்ததால் அவனுக்கும் அவளே கையெழுத்திட்டாள்; வீட்டார் போடலாம் என்று விதி உண்டு. ஆனால் அந்தக் கடற்கரையில் எந்தக் காகிதமும் அன்பியத் தலைவி* வழியாகத்தான் போகும். தலைவி பிரிஜா தெருவின் படிவங்களையெல்லாம் வாங்கிக் கட்டி, பங்குச்சாமியாரின் முத்திரைக்காகக் கோயில் அலுவலகத்தில் வைத்தாள். அந்த முத்திரையை அரசாங்கம் கேட்கவே இல்லை. கெடு முடிந்து தெருவே பட்டியலிலிருந்து போயிற்று. கரையில் இருந்தவர்கள் நேரில் போய் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். நேரில் வர முடியாத ஆன்ட்ரூஸின் பெயருக்கு மட்டும் விசாரணை வைத்தார்கள்.

* அன்பியம்: இருபது முப்பது வீடுகள் சேர்ந்த ஜெபக்குழு. ரேஷன் கார்டு தொலைந்தாலும் முதலில் அங்கேதான் சொல்வார்கள்.

3

பிரிஜாவை வில்லியாக்கிப் பார்த்தேன். "ஏட்டி, நல்லதுன்னு நெனச்சுதானே வச்சேன்" என்று அழுகிறவளை என்ன செய்ய? விசாரணைக்கு அவளும் லிஜாவோடு வருகிறாள்.

4

தாலுகா அலுவலகம். இன்று ஐந்து மணியோடு பட்டியல் மூடப்படும். அடுத்த மாதம் தேர்தல். அதிகாரி குமாரதாஸ் நல்ல மனிதர்தான்; விதிப்புத்தகம் அவரைவிடப் பெரியது.

"ஆளு நேரில வரணுமே."

"கடல்ல கெடக்காரு சாரே. போட்டுல சாட்டிலைட் போன் உண்டு. கேட்டுப் பாருங்க."

ஒப்புக்கொண்டார்! (நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.) ஒரே இரைச்சல், பிறகு ஆன்ட்ரூஸின் குரல்.

"வருசத்துல எத்தன நாளு வீட்டுல இருப்பீங்க?"

இங்கே இரண்டு நாள் எழுதாமல் கிடந்தேன். வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் ஓட்டு என்பது விதி; முந்நூறு என்று சொல்ல வைத்தால் போதும், பெயர் ஏறிவிடும். ஆனால் அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை.

"அறுவது நாளு இருப்பேன் சார்."

பிரிஜா தலையில் கை வைத்தாள். தற்காலிகமாக வெளியே போவதால் மட்டும் ஒருவர் வசிப்பிடத்தை இழப்பதில்லை என்று சட்டத்தில் ஒரு வரி இருப்பதைக் கண்டுபிடித்துத் துள்ளினேன். அதை லிஜாவைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"கரைக்கு வந்தா எந்த வீட்டுக்கு வருவாரு சாரே? எங்க வீட்டுக்குத்தானே. வேற எங்கயும் அவருக்கு ஓட்டு இல்ல."

5

குமாரதாஸ் பெயரை ஏற்றுக்கொண்டதாக ஒரு முடிவு எழுதினேன். சந்தோஷம் தாங்கவில்லை, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. நிராகரித்ததாக இன்னொன்று: லிஜா படியிறங்கும்போது...

(அடித்துவிட்டேன். ஆத்திரத்தில் எழுதியது.)

குமாரதாஸை எழுப்பி அனுப்பிவிட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பேனா மேசைமேல் இருக்கிறது. மணி நாலே முக்கால். லிஜா உங்களைத்தான் பார்க்கிறாள். ஆன்ட்ரூஸ் இன்னும் இணைப்பில் இருக்கிறான்.

"சார், கேக்குதா? ஓட்டு உண்டுன்னா சொல்லுங்க. எலெக்சனுக்குள்ள போட்டக் கரைக்குத் திருப்பணும்."