ஐந்தாம் வளைவில் வேர்விட்ட தீயணைப்பு வண்டி

பாம்பூஃப்ளாட் என்ற தீவு ஊருக்கு மேலே இருக்கும் ஏழுவளைவு மலையில் ஒரு ராத்திரி நிறுத்திவைத்த எந்தச் சக்கரமும் வேர்விட்டுவிடும். லாரிச் சக்கரமானாலும் சரி, சூட்கேஸின் சின்னச் சக்கரமானாலும் சரி, பேதம் கிடையாது. ஏன் என்று பார்க்க இரண்டு படித்தவர்கள் வந்தார்கள். மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். பதில் வரவில்லை, யாரும் காத்திருக்கவும் இல்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் இரண்டாம் வளைவில் ஒரு ஜீப் பழுதாகி நின்றது. விடிந்து பார்த்தால் நான்கு டயரிலிருந்தும் படாக் மரத்தின் வேர் மண்ணில் இறங்கியிருந்தது. அப்புறம் டயருக்கும் மண்ணுக்கும் நடுவே தண்டு முளைத்து வண்டியைத் தூக்க ஆரம்பித்தது. இப்போது அந்த ஜீப் நான்கு மரங்களின் தலையில் முப்பதடி உயரத்தில் இருக்கிறது. ஸ்டியரிங்கில் மைனா கூடு கட்டியிருக்கிறது.

ஆகவே அந்த மலையில் கார் கிடையாது. காட்டுக்குள் நடப்பதற்கென்றே மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அட்டைக்கடி வாங்கிக்கொண்டு, கருப்பு மரங்கொத்தியைப் பார்த்துவிட்டு, உச்சியில் இந்திராணியின் விடுதியில் தங்குகிறார்கள். நான்கு அறை, தகரக் கூரை. காட்டிலாகாவில் மஸ்தூராக, கூலியாளாக இருந்த புருஷன் கட்டி வைத்துவிட்டுச் செத்துப்போனார். அவளுக்கு அதைவிட்டால் வேறு இடம் இல்லை. இந்திராணி யாரையும் நம்பமாட்டாள். சிரித்துப் பேசுகிறவரிடம் ஒரு விஷயத்தை இரண்டு முறை கேட்பாள், சிரிக்காதவரிடம் மூன்று முறை. தள்ளுவண்டிகூட ஏறாத மலை என்பதால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். மேலே வருகிற யாரும் அடிவாரத்து டீக்கடையிலிருந்து ஒரு சாமானைச் சுமந்து வரவேண்டும். ஒரு கிலோ அரிசி, இரண்டு தேங்காய், எதுவானாலும் சரி. பெங்களூரிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை ஒருவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றிவந்து, கல்யாணத்தில்கூட இத்தனை போட்டோ எடுக்கவில்லை என்றார்.

கான்ட்ராக்டர் முத்துராஜுக்கு அந்த உச்சி வேண்டியிருந்தது. மலையை சிமெண்டால் மூடி, ஐந்து மாடி ஹோட்டலும் நூறு காருக்கு இடமும் கட்டுவது அவர் திட்டம். அவர் ஒரு விதியைத் தோண்டி எடுத்தார். தங்கும் விடுதி எதுவானாலும் தீயணைப்பு வண்டி அதன் வாசலுக்குப் பதினைந்தடிக்குள் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பூட்டு. சோதனை அதிகாரி வைஜெயந்தி நேர்மையானவர், ஆகவே விதியை விடமாட்டார். ஜூன் மாதம் தேதி குறித்தார்.

அந்தத் தேதியில் தீயணைப்பு வண்டி ஹார்பரைத் தாண்டி வந்தது. டேங்க் நிறையத் தண்ணீர், ஓட்டியவர் காதர். அந்தக் காலத்தில் யானைகள் மரம் இழுத்து அகலமாக்கிய பாதை ஐந்தாம் வளைவு வரைக்கும்தான் போகிறது. அங்கே வண்டி நின்றது. விடுதியின் முற்றம் அதற்கு நேர் மேலே, நாற்பத்தைந்து அடி செங்குத்தாக. இந்திராணி மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காதர் பாய், வண்டிய இறக்கிடுங்க. ராத்திரி அங்க விடாதீங்க."

"அக்கா, இது சர்க்கார் வண்டி," என்றார் கூடவே வந்திருந்த முத்துராஜ். "இதுல வேர் வரணும்னா மூணு கையெழுத்து வேணும்."

மழை பிடித்தது, பின்னால் எடுக்க முடியவில்லை. அதற்குள் கடைசி போட்டுக்கு நேரமாகிவிட்டது. ஹார்பர் தாண்டி வேலைக்கு வருகிறவர்களுக்கு போட் நேரம் வந்தால் கண் தெரியாது. பிணத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாலும் கீழே வைத்துவிட்டு ஓடுவார்கள். வண்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். காலையில் ஆறு டயரும் வேர்விட்டிருந்தன. வைஜெயந்தி, வாகனம் வாசலை அடையவில்லை என்று எழுதினார். விதிப்படி இன்னொரு சோதனை உண்டு, அதுவே கடைசி, அக்டோபர் முப்பது என்றும் எழுதினார்.

ஜீப்புக்கு முப்பதடி வளரப் பதினெட்டு வருஷம் ஆனது. ஆனால் இந்த வண்டி தன் தண்ணீரைத் தானே சுமந்து நின்றது. அதோடு, வண்டிக்குக் கையெழுத்துப் போட்டவர் காதர், விட்டுவிட்டுப் போகமுடியாது. தினமும் போட் ஏறி வந்து, மரத்தில் ஏறி, சீட்டில் உட்கார்ந்து டியூட்டி பார்த்தார். மழையில் டேங்க் நிரம்பும், அவர் வால்வைத் திறந்து வேருக்கு விடுவார். ஜூலையில் எட்டடி, ஆகஸ்டில் இருபது. இந்திராணி முடிச்சுப் போட்ட கயிற்றை முற்றத்திலிருந்து இறக்கித் தினமும் அளந்தாள். காதர் சொல்லும் கணக்கை அவள் நம்பவில்லை. முத்துராஜ் ரம்பத்தோடு வந்தார். வண்டியை வெட்டினால் ஒரு ஆபீஸ் பிடிக்கும், மரத்தை வெட்டினால் இன்னொரு ஆபீஸ் பிடிக்கும் என்று தெரிந்ததும் இரண்டு ஆபீஸுக்கும் மனுப் போட்டார். அந்த மனுக்கள் இன்னும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கின்றன.

அக்டோபர் இருபதில் மழை நின்றது. டேங்க் வறண்டது. மரம் ஏழடி குறைவாக அப்படியே நின்றுவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி காலைவரை ஒரு விரல்கூட ஏறவில்லை. அன்று இந்திராணி, வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். மலையிறங்கிப் போய் போட் ஜெட்டித் துறையில், வேலைமுடிந்து போட்டுக்கு நிற்கிற கூட்டத்தின் முன்னால் நின்று உதவி கேட்டாள்.

"எனக்கு ஒங்க யார்மேலயும் நம்பிக்கை கிடையாது," என்றாள். "ஆனா வண்டிக்குத் தண்ணி வேணும். ஆளுக்கு ஒரு குடம்."

போட் ஹாரன் அடித்தது. மீன்கூடை பொன்னம்மா கூடையைக் கவிழ்த்து, "ஏய், குடம் எங்கடி இருக்கு?" என்றாள். அன்று கடைசி போட் ஆளில்லாமல் போனது. தமிழர், வங்காளிகள், தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று நூற்றுப்பத்துப் பேர் வாளியும் குடமும் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து வளைவு ஏறினார்கள். ஹனிமூன் ஜோடிகள் வாட்டர் பாட்டிலோடு வந்தார்கள். முதல் குடம் வேரில் விழுந்ததும் மரம் முறுக்கென்று ஒரு சத்தம் போட்டது. பொழுது விடிவதற்குள் பம்பர் முற்றத்துக்கு மேலே தெரிந்தது. இந்திராணி கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள், அளக்கவில்லை.

முப்பதாம் தேதி வைஜெயந்தி நடந்து ஏறி வந்தார். டீக்கடைக்காரர் வழக்கப்படி கையில் கொடுத்த வெங்காயப் பையை இந்திராணியிடம் கொடுத்துவிட்டு, டேப்பை எடுத்தார். வாசலிலிருந்து வண்டிக்குப் பதினோரு அடி. காதர் சீட்டில் யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தார். சைரனை அடித்தார். ராத்திரி டேங்கில் ஊற்றிவைத்த மீதிக் குடத்துத் தண்ணீரைக் கூரைமேல் பீய்ச்சினார். நான்கு அறையிலிருந்தும் விருந்தாளிகள் வெளியே வந்து கைதட்டினார்கள்.

"மேடம், வண்டி ரோட்டுல வரலியே," என்றார் முத்துராஜ்.

"விதியில ரோடுன்னு இல்ல சார். நிக்கணும்னு இருக்கு. நிக்குது." அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

உரிமம் இரண்டு வருஷத்துக்கு. வாகனத்தின் நிலை என்ற கட்டத்தில், நிற்கிறது, வளர்கிறது என்று எழுதியிருக்கிறது. அது உண்மை. போன மழைக்குப் பிறகு தீயணைப்பு வண்டி வாசலைவிடப் பதினான்கு அடி மேலே போய்விட்டது. ஆகவே அடுத்த சோதனைக்குள் வாசலை மாடிக்கு மாற்றவேண்டும். இப்போது மலையேறுகிறவர்களுக்கு டீக்கடையில் அரிசி கொடுப்பதில்லை, ஆளுக்கு இரண்டு செங்கல். போன வாரம் முத்துராஜும் காற்று வாங்க வந்தார். அவருக்கு நான்கு.