இருநூறு வாட்டும் ஒரு சந்தனப் பொட்டும்

குணசீலன் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அவருடைய அதிகாரம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். ராசிபுரம் சாலையிலிருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் அன்றும் அப்படித்தான். சர்க்கார் ஆய்வு அதிகாரியாயிற்றே! கையில் பட்டுத்துணி விரித்த பெட்டி. அதற்குள் ரேடியோ அலையின் திறனை அளக்கும் கட்டைவிரல் பருமன் சென்சார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டுகூட அழியவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தூக்கியிருக்க மாட்டார் என்று தெய்வநாயகி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் தூக்கம் கெட்டு அவள் செய்த மழை ரேடார் டிரான்ஸ்மிட்டர் மேசைமேல் இருந்தது. இருநூறு வாட். இன்று இவர் கையெழுத்துப் போட்டால் லாரி ஏறும். போடாவிட்டால் ஆர்டர் ரத்து.

தன் சென்சாரை அதில் இணைத்து மீட்டரைப் பார்த்த குணசீலன் சிரித்தார். "இருநூறு மில்லிவாட்டுங்க! ஆயிரத்துல ஒரு பங்கு. டார்ச் லைட்டா செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"இது விட்டு விட்டு அடிக்கிறதுங்க," என்றாள். "ஒரு மைக்ரோசெகண்டு இருநூறு வாட். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது சும்மா இருக்கும். உங்க சென்சார் ரெண்டையும் கலந்து சராசரி சொல்லுதுங்க."

"சும்மா இருக்கறதுக்கெல்லாம் சர்க்கார் பணம் குடுக்குமா?"

ஓரமாக ஒயரைப் பிடித்திருந்த டெக்னீசியன் வெள்ளியங்கிரி, "குடுக்கும் சாமி, முப்பது வருசமா பாக்கறமே," என்று முனகினார்.

உச்சத்தை மட்டும் பிடிக்கும் தன் பீக் சென்சாரை அவள் நீட்டினாள். அவர் அதில் ஒட்டியிருந்த அளவுச் சான்று ஸ்டிக்கரைத்தான் பார்த்தார்.

"நாளைக்குக் காலாவதி ஆகப்போறத இன்னைக்கு நம்பச் சொல்றீங்களா?"

பிறகு அவர் கண் டிரான்ஸ்மிட்டருக்கும் சென்சாருக்கும் நடுவிலிருந்த அட்டென்யுவேட்டர்மேல் விழுந்தது. திறனை ஆயிரத்தில் ஒன்றாக அடக்கிச் சென்சாரைக் காப்பாற்றும் கட்டை அது. அடக்கியதை மீட்டர் தானே கணக்கில் சேர்த்துக் காட்டும். "இதுதான் முழுங்குது! கழட்டுங்க."

"நான் கழட்ட மாட்டேனுங்க. சென்சார் போயிரும்."

"இருநூறு மில்லிவாட்டுக்கா?"

அவரே கழற்றி, அவரே சென்சாரை நேராகத் திருகி, அவரே சுவிட்சைப் போட்டார். மீட்டர் ஒரு துள்ளு துள்ளிச் சைபரில் படுத்தது. எத்தனை தட்டியும் எழவில்லை. குணசீலனின் முகத்தில் எட்டு ஊர் ஜவ்வரிசி ஆலையின் மாவு மொத்தமும் அப்பியிருந்தது.

வெள்ளியங்கிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சென்சாரின் முதுகை உரக்கப் படித்தார். "சராசரி முந்நூறு மில்லிவாட் வரைக்கும் தாங்கும். உச்சம் பதினஞ்சு வாட்டுக்கு மேல ஆகாது. ஏனுங்க, உங்க இருநூறு மில்லிவாட்டுல இது எப்படிங்க போச்சு?"

குணசீலன் சென்சாரைக் கழற்றிப் பட்டுத்துணியில் படுக்க வைத்தார்.

"ஆபீசுல காரணம் கேப்பாங்களேங்க," என்றாள் தெய்வநாயகி தேன் ஒழுக. "இருநூறு மில்லிவாட்டுல போச்சுன்னு எழுதினா, போட்டு உடைச்சீங்கம்பாங்க. உச்சத்துல கருகிப்போச்சுன்னு எழுதினாத்தான் தப்பிப்பீங்க."

அவர் பட்டுப் பெட்டியை மூடினார். பிறகு, "அந்த ஸ்டிக்கர்... இன்னைக்கு வரைக்கும் செல்லுமில்லீங்க?" என்றார்.

அவள் அட்டென்யுவேட்டரைத் திரும்ப மாட்டி, பீக் சென்சாரை இணைத்தாள். இருநூற்று நான்கு வாட். அறிக்கையில் அவர் அதைக் கொசு அளவுக்கு எழுதினார்.

"எண்ணுல மட்டும் போதாதுங்க," என்று தெய்வநாயகி தாளை அவர் பக்கமே தள்ளினாள். "எழுத்துலயும் எழுதிருங்க. பெருசா."